கறுப்பில் எல்லாம் தெரியும்

அவரிடம் பேசுவதென்றால் அவர் முதுகோடுதான் பேச வேண்டும். காருக்குப் பக்கத்தில் குந்தியபடி கதவைத் துடைத்துக்கொண்டிருப்பார். நாம் பின்னால் போய் நின்றால் திரும்ப மாட்டார். கறுப்புக் கதவில் நம் உருவம் விழும். அதைப் பார்த்தே, "இன்னா தங்கச்சி, கரண்டு பூட்ச்சா?" என்பார். நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பதிலையும் கதவுக்கே சொல்வார். கோட்டைக்குப்பத்துக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இது சுருக்கென்றது. ஒரு பெண்பிள்ளை வந்து நிற்கிறாள், முகம் கொடுத்துப் பேசினால் என்ன குறைந்துபோகும் என்று என் வீட்டுக்காரரிடம் பொருமினேன். "ஊர்த் தலைவரு வந்தாலும் அதே கதிதான், நீ வேற" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரருக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. நான் தையல்காரி. பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, தெரு முனையில், ஒரு கார் நிற்கும் அளவுக்குக் காலியிடம் இருந்தது. அங்கேதான் அந்தக் கார் நின்றது. மிஷினிலிருந்து நிமிர்ந்தால் அவர் முதுகும் காரும்தான் தெரியும். அந்த ஊரில் இருந்த வருஷங்களில் நான் அதிகம் பார்த்த மனிதர் அவர்தான். முகத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் திணறுவேன். முதுகுக்கு மட்டும் அளவெடுக்காமலே சட்டை தைத்துவிடுவேன்.

ஊரில் அவருக்குப் 'பாலிஷு' என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்க மாட்டார், யாருக்குமே திரும்பிப் பார்க்காதவர் இதற்கு மட்டும் ஏன் பார்க்கப் போகிறார். மனைவி காய்ச்சலில் போய்ப் பல வருஷம். பிள்ளை இல்லை. ஏரியில் மீன் பிடிப்பார், மீதி நேரத்துக்கு அந்தக் கார். யாரோ வைத்து ஓட்டிய பழைய கார்தான். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குப் போகும். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் போயும் போயும் கறுப்பு நிறத்தில் ஒன்றை வாங்கி வந்திருக்கிறாரே, வெள்ளையாக வாங்கியிருக்கலாமே என்று நானும் கேட்டேன், கேட்காதவர்களே இல்லை. "வெள்ளையில உப்பு கீறது தெரியாது தங்கச்சி. தெரியாமயே உள்ள அரிச்சிடும். கறுப்புல எல்லாம் தெரியும்" என்றார்.

எல்லாம் தெரிந்ததுதான் அவருக்கு வினை. காக்கை எச்சம் தெரியும், பிள்ளைகள் விரல் தெரியும், காலையில் காற்றோடு வந்து படியும் உப்புகூட ஒரு மங்கலாகத் தெரியும். தெருக் குழாயில் வருவது பாதி உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் காய்ந்ததும் கறுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். அதனால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் காரைக் கழுவினார். நாங்களெல்லாம் அந்தத் தண்ணீரில் சோறு வடிக்கவே யோசிப்போம். துடைக்க நான் வெட்டுத்துணி கொடுத்தால் வாங்க மாட்டார். பாலியஸ்டர் கோடு போட்டுவிடுமாம். பனியன் துணிதான் வேண்டும், அதிலும் தையல் ஓரத்தையும் கழுத்தில் இருக்கும் லேபிளையும் கத்தரித்து எறிந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரரின் பனியன்கள் கிழிவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தன. "என்னை விட அந்தக் கார் மேல உனக்கு அக்கறை" என்று அவர் சொல்லிச் சலித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு தம்பி. மூன்று வீடு தள்ளி மனைவி, ஒரு பெண் குழந்தையோடு இருந்தான். அண்ணனுக்கு நேர் எதிர். தோளில் கையைப் போட்டு, முகத்துக்கு முகம் வைத்துப் பேசுவான். சாராயம் குடித்தவனோ என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவன் குடிக்காமலே அப்படி. தினமும் ஏரிக்குப் போகிற வழியில் காரின் கதவில் ஐந்து விரலும் பதியக் கையை அழுத்தி வைத்துவிட்டு, "உனுக்கு வேலை வேணுமேண்ணா, அதான் வுட்டுட்டுப் போறேன்" என்பான். அண்ணன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே துடைப்பார். துடைக்கும்போது கதவில் அவர் சிரிப்பது எனக்கு ஜன்னலிலிருந்து தெரியும்.

கார் வந்த புதிதில் நடந்த கூத்தை அந்தத் தம்பி சொல்லித்தான் கேட்க வேண்டும். உப்பு கார்த் தகட்டைத் தின்றுவிடுமே என்று அண்ணனுக்குக் கவலை. மரப்படகுகளோடு வளர்ந்தவர். படகு உப்பில் ஊறிக் கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் மீன் எண்ணெய் பூசுவார்களாம். படகுக்கு ஆவது காருக்கு ஆகாதா என்று ஒரு டின் மீன் எண்ணெயை வாங்கி, கூரையிலிருந்து சக்கரம் வரைக்கும் பூசிவிட்டார். கார் பளபளவென்று மின்னியது என்னவோ உண்மை. மறுநாள் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார். மண்ணும் தூசும் காரோடு அப்பிக்கொண்டன. மண்டபத்து வாசலில் நிறுத்தியதும் அந்த ஊர்ப் பூனையெல்லாம் வந்து சூழ்ந்துகொண்டன. "இந்தப் பக்கம் மாப்ள எறங்குறாரு, அந்தப் பக்கம் பூனை ஏறுது" என்று சொல்லித் தம்பி எங்கள் வாசலில் மண்ணில் உட்கார்ந்து சிரிப்பான். அவன்தான் பொன்னேரிக்குப் போய்க் காருக்குப் போடும் மெழுகு ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தவன்.

இனி பாடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. நன்றாக மீன் படும் இடங்களுக்கு ஊரார் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். "இன்னிக்கு யாரு பாடு?" என்று காலையில் விசாரித்துக்கொள்வார்கள். புதிதில் அதைக் கேட்டு யாருக்கு என்ன கஷ்டமோ என்று பயந்திருக்கிறேன். எங்கள் ஊரில் பாடு என்றால் படுகிற பாடுதான்.

தனக்குப் போக முடியாவிட்டால் தன் பாட்டில் வேறொருவனை அனுப்பலாம். அதற்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. போனவன் பாதியில் தானாக வலையை விட்டுக் கரையேறினால் அந்தப் பாடு கழிந்தது, அடுத்த முறை வருகிறவரை காத்திருக்க வேண்டியதுதான். வானம் கெட்டால் மட்டும் விலக்கு. ஆனால் அதைப் பாட்டுக்குச் சொந்தக்காரன்தான் சொல்ல வேண்டும். அவன் கரையில் நின்று வானத்தைப் பார்த்து, போனில் கூப்பிட்டால், போனவன் வந்துவிடலாம். பாடு வீணாகாது, மறுநாள் கட்டிக்கொள்ளலாம். அடுத்தவன் முறையைக் கெடுத்துவிட்டான் என்ற பேச்சு வராமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவருடைய பாடு. மறுநாள் காலை எளாவூரில் ஒரு கல்யாணத்துக்குக் கார் கேட்டிருந்தார்கள். "என் பாட்டுக்கு நீ போய்ட்டு வா, நான் வண்டிக்கு மெழுகு போடணும்" என்று தம்பியிடம் சொன்னார். "போடு, மூஞ்சிக்கும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று அவன் சொல்லிவிட்டுப் போனதை நானே கேட்டேன். அப்புறம் லைனிங் துணி வாங்கப் பொன்னேரிக்குக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது நல்ல மழை. பழவேற்காட்டுப் பாலத்துக்கு முன்னால் அந்தக் கறுப்புக் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே பறந்தது. அவர் ஓட்டினார். பின்சீட்டில் தம்பி மனைவி இருந்தாள். அவள் மடியில் யாரோ தலை வைத்திருந்ததை மட்டும் பார்த்தேன். ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் மேல் இடி விழுந்துவிட்டது என்று தெருவுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். உயிர் ஏரியிலேயே போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்தபோது தெருவே தம்பி வீட்டு வாசலில் இருந்தது. அவர் மட்டும் காரடியில் இருந்தார். தம்பியைத் தூக்கி ஏற்றிய ஆட்களின் சேற்றுக் கைகள் கறுப்பு முழுக்கப் பதிந்திருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "கூடப் பொறந்தவன வூட்ல கெடத்திக் கீது, இவன் காரைத் தொடச்சிக்கினு கீறான் பாரு" என்று ஒரு கிழவர் எல்லோருக்கும் கேட்கும்படி காறித் துப்பினார். இவரெல்லாம் ஒரு மனுஷரா என்றுதான் நானும் நினைத்தேன். எடுத்துக்கொண்டு போகும்போது கூட்டத்தின் கடைசியில் தலையைக் குனிந்தபடி வந்தார்.

அதன் பிறகு அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். முன்பு பாதி நேரம் கார் பக்கம் திரும்பியிருந்தவர் முழுக்கத் திரும்பிக்கொண்டார். கல்யாண வாடகை எடுப்பதில்லை. நோயாளிகளை மட்டும் ஏற்றிப் போனார். ஆனால் மெழுகு போடுவது நிற்கவில்லை, அதிகமாயிற்று. இன்னொரு புதுப் பழக்கமும் சேர்ந்தது. பேனட்டில் வானத்தைப் பார்ப்பார், பிறகு நிமிர்ந்து நிஜ வானத்தைப் பார்ப்பார், உடனே போனை எடுத்துவிடுவார். கைக்குட்டை அளவு மேகம் இருந்தாலும் போதும், "மேக்கால கட்டுது, வந்துடுங்கப்பா" என்று ஏரியில் இருப்பவர்களை ஒருவர் விடாமல் கூப்பிடுவார். அன்றைக்கு வெயில் கொளுத்தும். பாலிஷு போன் பண்ணினால் துணி காயப் போடலாம் என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். அவர் நம்பரைப் பார்த்தாலே எடுக்காமல் விட்டுவிடுவார்கள். எடுக்காதவனை அவர் மறுபடி மறுபடி கூப்பிடுவார். யாருடைய பாட்டிலும் இவர் தலையிடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கண்டித்தும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்டுக்கொண்டு வந்தார், மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

தன் பாட்டில் இப்போது தானேதான் போனார். வந்ததும் மீன் கூடையைத் தம்பி வீட்டு வாசலில் வைப்பார். குரல் கொடுக்காமல் விறுவிறுவென்று வந்துவிடுவார். குழந்தை வந்து கூடையை உள்ளே இழுக்கும். தம்பி மனைவி என்னிடம் ரவிக்கை தைக்க வருவாள். அன்றைக்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறியதே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பாள். அவர்மேல் ஆத்திரமோ என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள்.

"மீனை வச்சிட்டுப் போறாரு. மூஞ்சியக் காட்ட மாட்டேன்றாரு. நான் இன்னா அவரக் கடிச்சிடுவேனாக்கா?"

"உனக்கு அவர்மேல வருத்தம்னு நினைச்சிருப்பாரு."

"இடி வுழுந்ததுக்கு அவரு இன்னா பண்ணுவாரு. எனுக்கு அவராண்ட ஒண்ணு சொல்லணும். வரச் சொல்லுங்கக்கா."

என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். அவராண்டதான் சொல்லணும் என்று சொல்லிவிட்டுத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கரண்டு போன நேரத்தில் ஒரு பழைய பனியனை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனேன். பேனட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி வீட்டுல உங்களைப் பாக்கணும்னு சொல்லுதுண்ணா" என்றேன். கை நின்றது. பேனட்டைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு மெழுகு தடவிட்டுக் காய வுட்டேன் தங்கச்சி. வெயில் தாழ்ந்துச்சு. மெழுகுக்கு வெயில் ஆவாது, நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். காஞ்சதும் தொடச்சிக்கினே வரேன், இங்க, இந்த எடத்துல மட்டும் சாம்பலா மங்கலா நின்னுச்சு. மெழுகு ஒட்டிக்கினு கீதுன்னு தொடச்சேன். போவல. துணிய மாத்தித் தொடச்சேன். கொஞ்சம் நவுந்த மாதிரி இருந்துச்சு, போவல. இன்னும் அழுத்தித் தொடச்சேன்."

எனக்கு அப்போதும் புரியவில்லை.

"மேகம் தங்கச்சி. மேக்கால கட்டுன மேகம் அதுல தெரிஞ்சிருக்குது. தலைய நிமித்தியிருந்தா போதும். நான் அதைத் தொடச்சிக்கினு இருந்தேன். மொத இடியே அவன் மேலதான் வுழுந்துச்சு."

"இடிக்கு நாம என்னண்ணா பண்ண முடியும்" என்று சொல்லி வைத்தேன்.

"கூப்ட்டிருப்பேன். என் பாடு. நான் கூப்ட்டாதான அவன் வருவான். நான் கூப்புடுவேன்னு நம்பிக்கினு வலைய இழுத்துக்கினு இருந்தான். இத நான் போயி அந்தப் பொண்ணாண்ட இன்னான்னு சொல்லுவேன்?"

கறுப்பில் எல்லாம் தெரியும் என்று சொன்ன மனிதர். அன்று காலை சேற்றுக் கைகளை ஏன் துடைத்தார் என்று எனக்கு அப்போது பிடிபட்டது. ஒன்றையாவது துடைத்துப் போக்க முடிகிறதா என்று பார்த்திருக்கிறார். அவரைப் பார்த்துத் துப்பிய கிழவரையும் என்னையும் நினைத்து வெட்கமாக இருந்தது. நான் அவர் சொன்னதை அவளிடம் போய்ச் சொல்லவில்லை. அது அவர் வாயால் போக வேண்டியது.

ஆனால் அவர் போகவில்லை. பனிக்காலம் வந்தது, இறால் காலம் வந்தது, கூடை வாசலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வாரம் ஒரு தடவை நானும் ஜன்னலிலிருந்து, "போனீங்களாண்ணா?" என்பேன். "போவணும்" என்பார். இப்படியே இவர் செத்தும் போய்விடுவார், அவள் காத்துக்கொண்டே இருப்பாள் என்று எனக்கு ஆற்றாமையாக வரும்.

கடைசியில் அவளே வந்தாள். சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரம். என் வீட்டுப் பக்கம் பார்க்காமல் நேரே போய் அவர் பின்னால் நின்றாள். கதவில் அவளைப் பார்த்துவிட்டார். துணி அப்படியே கதவில் நின்றது. நான் மிஷின் மிதிப்பதை நிறுத்தினேன்.

"திரும்புங்க மாமா" என்றாள்.

அவர் திரும்பவில்லை. கதவைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை. மனசுக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பாரோ. சொல்லி முடித்துவிட்டு, அடி வாங்கப் போகிறவர் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் அழுவாள், கத்துவாள் என்று நான் எழுந்தே விட்டேன். அவள் சத்தமில்லாமல்தான் பேசினாள்.

"நான் பாத்தேன் மாமா அந்த மேகத்த. காயப் போட்ட துணிய எடுக்க வெளிய வந்தேன். மேக்கால கறுப்பாக் கட்டிக்கினு வந்துச்சு. போனைக் கையில எடுத்துட்டேன். அப்புறம், நம்ம பாடு இல்லியே, மாமா கூப்புடுவாரேன்னு வச்சிட்டேன். நான் கூப்ட்டு அது வந்துட்டா, உங்க பாடு வீணாப் போவும், நாலு பேரு பேசுவாங்கன்னு வச்சிட்டேன். துணிய மட்டும் எடுத்துக்கினு உள்ள போயிட்டேன். இத உங்களாண்ட சொல்லத்தான் இத்தன நாளா கூப்ட்டுக்கினு இருந்தேன்."

அவர் திரும்பினார்.

இனி இரண்டு பேரும் அழுது தீர்ப்பார்கள், பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

"ஒரு போன் பண்ணிருக்கலாமேம்மா" என்றார் அவர்.

"நீங்க ஒரு தபா நிமிந்து பாத்திருக்கலாமே மாமா" என்றாள் அவள்.

இரண்டு குரலிலும் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. அதுவரை ஆளுக்கு ஒரு குற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் வெந்தார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் இன்னொருவருடையதும் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த பாட்டு நாளில் அவர் கூடையை வாசலில் வைக்கவில்லை, உள்ளே எடுத்துப் போனார். அப்புறம் பாடு இல்லாத நாளிலும் போக ஆரம்பித்தார். ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள், பேசிவிட்டுப் போகட்டும். நாங்கள் அந்த ஊரைக் காலி செய்வதற்குக் கொஞ்ச நாள் முன்னால், தைத்த ரவிக்கையைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது. அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். அந்த நேரம் மேற்கே எங்கோ தூரத்தில் வானம் லேசாக உறுமியது. அவள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள், அவரும் எழுந்தார். இருவரும் ஒன்றாக வாசலுக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு யாரோ மூன்றாவது தெருக்காரருடைய பாடு. இவர்கள் வீட்டு ஆள் யாரும் ஏரியில் இல்லை.